மெசிக்குச் சீல் மாற்றிய புதினம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே காலபோக நெல் விதைப்புக்கு மழை இன்னும் பிடிக்கவில்லை. முரசுமோட்டைப் பக்கம் சிலர் புழுதி விதைப்பை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவின் மெசி 135 உழவு இயந்திரம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது, ஆனால் நிறுத்திய இடமெல்லாம் ஒயில். வலது பிரேக் பிடிக்கவேயில்லை. பெரிய சில்லைக் கழற்றிப் பார்த்தால் அக்சில் சீல் (ஒயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய், ஒயில் பிரேக் டிறம்முக்குள் இறங்கி லைனிங் நனைந்து கிடக்கிறது. சேற்றுழவு செய்யும் மெசினுக்கு இது வழமையான வருத்தம்தான். ஒயில் வெளியே வரும் வழியால் சேற்றுத்தண்ணி உள்ளே போகும். பின்பக்க ஒயிலை இறக்கினால் பால் தேத்தண்ணி நிறம்! கியர்பொக்சுக்கும் கலப்பை தூக்கும் ஹைட்ரோலிக்குக்கும் அதில் ஒரே ஒயில்தானே. ஆகவே தண்ணி பம்ப் வரைக்கும் போய்விடும்.

சீலின் விலை பெரிதில்லை. அக்சிலில் பெயாரிங்கைப் பிடித்திருக்கும் இறுக்கமான வளையத்தைக் கழற்றுவதுதான் வேலை. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், புதியதைச் சூடாக்கி ஏற்ற வேண்டும். கிளிநொச்சியில் லேத் கடையில் கொடுத்துச் செய்வித்தேன். வீட்டில் சுத்தியலோடு நின்று மினக்கெடுகிற வேலையில்லை அது.

பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.ரி.ஓ தண்டின் சீல் வேறு கதை. புதிதாகப் போட்டும் கசிந்தது. தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன், சீலின் உதடு, அதாவது தண்டோடு உரசும் விளிம்பு, ஓடிய இடத்தில் ஒரு வெட்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் சாமான் கிடைக்காமல், அப்பா பழைய சீலின் உதட்டை இறுக்கும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கித் திரும்பப் போட்டது நினைவிருக்கிறதா? நீதானே விளக்குப் பிடித்தாய். கசிவு அப்போது நின்றது உண்மை. ஆனால் இறுக்கிய ஸ்பிரிங் தண்டையே தின்னும். அந்த வெட்டு அப்படி வந்ததாகத்தான் நான் நினைக்கிறேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு வயல் உழுதாக வேண்டியிருந்தது. இந்த முறை சீலை இரண்டு மில்லிமீற்றர் தள்ளி இருத்தினேன். உதடு இப்போது தேயாத இடத்தில் ஓடுகிறது. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். தண்டின் பல்லு புது உதட்டைக் கிழிக்காமல் இருக்க மெல்லிய பிளாஸ்ரிக்கைச் சுற்றி, ஒயில் பூசி, பைப் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றிவரத் தட்டி இறக்கினேன். இப்போது பொட்டும் இல்லை.

கிளச்சுக்குக் கீழே இருக்கும் துளையாலும் சொட்டியது. பார்த்தவர் எல்லாரும் "எஞ்சின் பின்சீல் போயிற்று, மெசினை நடுவால் பிரி" என்றார்கள். எஞ்சின் தண்டின் பின்முனையில் இருக்கும் சீலைத்தான் சொன்னார்கள். சொட்டியது கறுப்பு எஞ்சின் ஒயில்தான், அது சரி. கியர்பொக்ஸ் ஒயில் என்றால் அவ்வளவு கறுப்பாக இராது. ஆனால் பிரிக்கமுன் எஞ்சின் மூச்சுவிடும் பைப்பைப் பார்த்தேன். குளவி மண் வைத்து அடைத்திருந்தது! உள்ளே காற்று அழுத்தம் ஏறினால் எந்தச் சீலாலும் ஒயில் தள்ளத்தானே செய்யும். மண்ணைக் கிண்டி எடுத்தபின் சொட்டு நன்றாகக் குறைந்துவிட்டது. முற்றாக நிற்கவில்லை. ஒயில் பட்டுக் கிளச் வழுக்கவில்லை, அதனால் அறுவடை முடியும்வரை பிரிக்கப் போவதில்லை.

இனி உனக்கு ஒரு வேலை. இது உன் வீட்டுக்குக் கிட்ட, இங்கிலாந்தில் கொவன்றியில் செய்த மெசின். இந்தப் பழைய பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினில் பின்சீல் றப்பர் இல்லை, கயிற்று சீல். இரண்டு துண்டு, அதைப் பிடித்திருக்கும் அரைவட்ட ஹவுசிங்கில் அழுத்தி, நுனி அரை மில்லிமீற்றருக்குள் வெளியே நிற்கிற மாதிரி வெட்ட வேண்டும். இங்கே கடையில் கிடைத்த கயிறு எனக்குப் பிடிக்கவில்லை, கையில் பிரிந்து வருகிறது. நல்லது ஒரு சோடியும் ஹவுசிங் காஸ்கட்டும் வாங்கி, தை மாதம் வரும்போது கொண்டுவா. பிந்திய எஞ்சினுக்கு றப்பர் சீல், மாறித் தந்துவிடுவார்கள். எஞ்சின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அதைக் காட்டிக் கேள்.

அன்புடன்,
உன் மச்சான்