நிலாவெளி வீதியில் வைத்தியசாலை முறை நேரத்துக்கும் பாடசாலை நேரத்துக்கும் பஸ் கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புபவர்:
தாதிய உத்தியோகத்தர்,
கும்புறுப்பிட்டி,
குச்சவெளி பிரதேச செயலாளர் பிரிவு.

திகதி: 2025.08.18

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நான் திருகோணமலை நகரில் அரச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வீடு கும்புறுப்பிட்டியில். மகள் ஒன்பதாம் தரம், மகன் நான்காம் தரம். இருவரும் நகரத்தில் படிக்கிறார்கள். கணவர் பிரிந்துபோய்ப் பல ஆண்டுகள். வீட்டில் பெரியவர் என்று இருப்பது என் அம்மா ஒருவர்தான். அவருக்குச் சலரோகம், இருட்டினால் கண் தெரியாது.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் காரை லீசிங் நிறுவனம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் நானும் பிள்ளைகளும் பஸ்ஸை நம்பித்தான் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறோம். அந்தப் பஸ்ஸைப் பற்றித்தான் இந்த மனு. காரைத் திரும்பப் பெற்றுத் தரும்படி உங்களை நான் கேட்கப்போவதில்லை.

ஆனாலும் காரைப் பற்றி நாலு வரி சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால், “நேர்ஸ் வேலைக்குக் கார் எதற்கு?” என்று இதற்கு முன் ஒரு மேசையில் என்னிடம் கேட்டார்கள். 2019இல் ஒரு பழைய ஆல்ட்டோவை லீசிங்கில் எடுத்தேன். வசதிக்காக எடுத்ததல்ல, முறை (ஷிஃப்ட்) வேலைக்காக எடுத்தது. அடுத்த வருடமே கொரோனா வந்தது. தவணைகளைத் தள்ளிப்போடலாம் என்றார்கள். தள்ளிப்போட்ட தவணைக்கும் வட்டி ஏறியது. 2022இல் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கிற ஊர் இது. இந்த ஊரில்தான் நாங்கள் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றோம். அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏறிய விலையில் தவணை பின்தங்கியது. பின்னர் கட்டினேன், திரும்பவும் பின்தங்கியது. கடைசியில் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். வண்டியை விற்ற பிறகும் மீதிக் காசு கட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது. சரி, அந்தக் கணக்கை நான் அதற்குரிய இடத்தில் பேசிக்கொள்கிறேன்.

இன்னொரு கார் என்பது நடக்காது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி இந்த ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தது. ஆனால் வரியோடு வருகிற விலையைப் பார்த்தால் எங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு அது திறந்ததாகத் தெரியவில்லை. ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, டிப்பரும் சுற்றுலா வேனும் பறக்கிற நிலாவெளி வீதியில் போக எனக்குத் துணிவில்லை. மாரி தொடங்கிவிட்டால் கடற்காற்றில் தனியாகப் போவதே பாடு.

இனி முறை வேலையைப் பற்றி. எங்களுக்குக் காலை முறை 7 மணி முதல் பகல் 1 மணி வரை. பின்னேர முறை 1 மணி முதல் இரவு 7 மணி வரை. இரவு முறை 7 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 7 மணிக்கு முடியும். ஏழு என்றால் ஏழுக்கு வாசலில் நிற்பதல்ல. இரவு முழுக்க நின்றவரிடமிருந்து கட்டில் கட்டிலாக நோயாளரைப் பொறுப்பெடுக்க வேண்டும். நான் பிந்தினால் அவர் வீட்டுக்குப் போக முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. கார் இருந்தபோது மூவரும் ஒன்றாகப் புறப்படுவோம். பிள்ளைகளைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டு நான் வைத்தியசாலைக்குப் போவேன், பகலில் அவர்களை ஏற்றிக்கொண்டு வருவேன். அந்த ஏற்பாடு குலைந்ததும் என் நேரமும் அவர்கள் நேரமும் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

காலையில் புல்மோட்டைப் பக்கமிருந்து வருகிற பஸ்கள் எங்கள் ஊருக்கு வரும்போதே நிறைந்திருக்கும். நான் விடியமுன் வருகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விடுவேன். அது ஓடாத நாளில் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, ஏழு தாண்டிப் போய், வார்டில் எல்லோர் முகத்தையும் பார்க்கவேண்டும். பிள்ளைகளை அந்த இருட்டுப் பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது. பாடசாலை திறக்க முன் கேற்றுக்கு வெளியே அவர்களை யாரிடம் விடுவது? ஆகவே மகள் தம்பியையும் கூட்டிக்கொண்டு அதற்குப் பிந்திய பஸ்ஸில் வருகிறாள். இறக்கக்கண்டியில் ஆட்கள் ஏறுவார்கள், நிலாவெளியில் இன்னும் ஏறுவார்கள், சாம்பல்தீவு வரும்போது மிதிபலகையிலும் இடம் இருக்காது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளை அந்த நெரிசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. உங்களுக்குத் தெரியாததும் இல்லை. பிந்திப்போய்ப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும் நாட்களில் அவளுக்கு முதல் பாடம் போய்விடுகிறது. அநேகமாக அது கணிதமாக இருக்கிறது.

பஸ் நிறுத்தாமல் போவது வேறு விடயம். அரைக் கட்டணப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைக் கண்டால் சில தனியார் பஸ்கள் வேகத்தைக் கூட்டுகின்றன. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) தருகிற சீசன் சீட்டு இ.போ.ச. பஸ்ஸுக்கு மட்டும்தான் செல்லும். அது நேரத்துக்கு வராதபோது சீசனைப் பையில் வைத்துக்கொண்டே தனியார் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறோம். நான் எல்லோரையும் குறை சொல்லவில்லை. மழையில் நனைந்து நின்ற என் மகனை ஏற்றிக்கொண்டு, காசும் வாங்காமல் பாடசாலைத் திருப்பத்தில் பார்த்து இறக்கிவிட்ட நடத்துநரும் இதே வீதியில்தான் வேலை செய்கிறார்.

பின்னேர முறைதான் மிகவும் கஷ்டம். ஏழு மணிக்குப் பொறுப்புக் கொடுத்து வெளியே வர ஏழேகால், சில நாள் ஏழரை ஆகிவிடும். அந்த நேரத்தில் வடக்கே போகிற பஸ்ஸை நம்பமுடியாது. ஓட்டோ பிடித்தால் இரண்டாயிரத்துக்கு மேல் கேட்பார்கள். தூரத்தைப் பார்த்தால் அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அன்று உழைத்ததில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. கூட வேலை செய்கிற பிள்ளைகள் முறை மாற்றித் தருகிறார்கள். எத்தனை தரம்தான் கேட்பது? மேலதிக நேர வேலையை நானே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். லீசிங் மீதியைக் கட்டுவதற்கு அந்தக் காசைத்தான் நம்பியிருந்தேன்.

நகரத்தில் வாடகைக்கு வரலாமே என்று கேட்கிறவர்களுக்கு: வாடகையும் முற்பணமும் கொடுக்க முடிந்திருந்தால் காரே போயிருக்காது. அம்மாவை வளவையும் கிணற்றையும் விட்டு எழுப்புவதும் இலேசான காரியமில்லை. வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

ஐயா / அம்மணி, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியலுக்காக என் பெயரையும் பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவை சிலருக்கு உண்மையிலேயே உதவின, நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் திட்டமும் எங்களை வீட்டு முற்றத்தில் இருத்தி உழைக்கவைக்கும் திட்டமாகவே வருகிறது. வேலை இருக்கிற பெண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். எனக்கு வாழ்வாதாரம் தரவேண்டாம், அரசாங்கமே தந்த உத்தியோகம் கையில் இருக்கிறது. அதற்கு நேரத்துக்குப் போய்ச்சேரவும், இருட்டு முன் இல்லாவிட்டாலும் இருட்டிய கையோடாவது வீடு திரும்பவும் வழி வேண்டும்.

இது என் ஒருத்தியின் பிரச்சினையாக இருந்தால் உங்கள் நேரத்தை எடுத்திருக்கமாட்டேன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்களில் அறை துப்புரவாக்கவும் சமையலறையில் உதவவும் போகிற பெண்கள் அதே விடியற்காலைப் பஸ்ஸைத்தான் பார்த்து நிற்கிறார்கள். நகரத்துக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் இரவு கடை பூட்டியதும் அதே ஓட்டோவைப் பங்குபோட்டுப் பிடிக்கிறார்கள். கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளிப் பெற்றோரும் சில ஆசிரியர்களும் கையொப்பமிட்ட தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நாங்கள் கேட்பது இதுதான். காலை 6.30 அளவில் நகரத்தை அடையும்படி குச்சவெளியிலிருந்து ஒரு பஸ்ஸும், இரவு 7.30க்கு நகரத்திலிருந்து குச்சவெளிக்கு ஒரு பஸ்ஸும், இரண்டும் வைத்தியசாலை வாசலைத் தொட்டுப் போகும்படி ஓடவேண்டும். விடியற்காலைக்கும் இரவுக்கும் ஆள் குறைவு, நட்டம் வரும் என்று சொல்லக்கூடும். அந்த நட்டத்தை ஈடுசெய்து பஸ் ஓட்டுவதற்கென்றே தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் ‘நிசி செரிய’ என்ற திட்டம் இருக்கிறது. அதில் இந்த வீதியைச் சேர்க்கும்படி உங்கள் சிபாரிசு வேண்டும். பிள்ளைகளுக்கு, 2005 முதல் நடக்கிற ‘சிசு செரிய’ பாடசாலை பஸ் ஒன்று, கும்புறுப்பிட்டியில் தொடங்கி நகரத்துப் பாடசாலைகளை 7.15க்குள் அடைந்து, 1.30க்குப் பிறகு அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். அதில் என் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் இருந்து வந்தால் மற்றப் பஸ்களிலும் நெரிசல் குறையும்.

இதை ஏன் உங்களிடம் கொண்டுவருகிறேன் என்றால், ஒவ்வொரு கதவும் மற்றக் கதவைக் காட்டுகிறது. தனியார் பஸ் அனுமதிப்பத்திரம் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில், இ.போ.ச. மத்திய அரசின் கீழ். மானியத் திட்டங்கள் ஆணைக்குழுவிடம். பாடசாலை விடயம் வலயக் கல்வி அலுவலகத்தில். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திக் கதைக்கவைக்க மாவட்டத்தில் உங்களால்தான் முடியும்.

இந்த மாவட்டத்தில் பிள்ளைகள் பாடசாலை போகிற வழியைப் பற்றிக் கதைத்தால் 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் பாதை கவிழ்ந்தது எல்லோருக்கும் ஞாபகம் வரும். அங்கே பாலம் கட்டிமுடியாததால் பிள்ளைகள் தண்ணீரில் போகவேண்டியிருந்தது. எங்களுக்குப் பாலமும் இருக்கிறது, கார்ப்பட் வீதியும் இருக்கிறது, பெரிய செலவெல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு பாலத்தைக் கடக்கும் நிலைதான் மிச்சம். ஒருவர் விழுந்த பிறகு கூட்டம் போடுவதைவிட இப்போதே போடலாம்.

மாரி தொடங்க முன், ஒக்ரோபருக்குள் இந்தக் கூட்டத்தை நடத்தித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். புதுப் பஸ் கிடைக்கத் தாமதமானால், இப்போது ஓடுகிற பஸ்களில் ஒன்றின் நேரத்தையாவது முறை நேரத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பார்க்கலாம். அதற்குப் புதிய செலவு இல்லை. பயணிகள் சார்பில் எங்களில் மூவர் வரத் தயாராக இருக்கிறோம். கூட்டத்தைப் பிற்பகல் 2 மணிக்கு வைத்தால் காலை முறை முடித்து வருகிற எனக்கும் ஹோட்டல் வேலைக்காரருக்கும் வசதி; நாலரைக்குள் முடிந்தால் திரும்பிப் போகவும் பஸ் இருக்கும். அறிவித்தலை எங்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாக அனுப்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
தாதிய உத்தியோகத்தர், கும்புறுப்பிட்டி

இணைப்பு: பயணிகள், பெற்றோர் கையொப்பத் தாள்கள், முறை நேர அட்டவணையின் பிரதி

பிரதிகள்:
தலைவர், கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை
முகாமையாளர், இ.போ.ச. திருகோணமலை சாலை (டிப்போ)
பிரதேச செயலாளர், குச்சவெளி
வலயக் கல்விப் பணிப்பாளர், திருகோணமலை