இரண்டு நிமிடம் சத்தமில்லாமல்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரப் பெற்றோர் கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார்: "வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளுக்கு சூப்பர்மேன் படம் போடுகிறீர்களாமே, அதுக்குத்தான் பள்ளிக்கூடம் அனுப்புறோமா?" எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்ததால் இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அது போதாது என்று பட்டது. கேள்வி நியாயமானது. அவருக்கு மட்டுமல்லாமல் உங்கள் எல்லோருக்கும் முழுசாகப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் போட்டது முழுப் படம் இல்லை. 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்திலிருந்து சில நிமிடங்கள் மட்டும். ஒரு உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் ஒன்று விளிம்பில் சிக்கித் தொங்குகிறது. உள்ளே இருந்த பெண் பத்திரிகையாளர் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆடுகிறார். கீழே கூட்டம். சாதாரண ஆளாக வேஷம் போட்டு வாழும் சூப்பர்மேன், கண்ணாடி போட்ட கிளார்க் கென்ட், மேலே பார்க்கிறார், ஓடுகிறார், சட்டையைப் பிரிக்கிறார், சுழல்கதவுக்குள் நுழைந்து சூப்பர்மேனாக வெளியே வந்து பறக்கிறார்.

முதலில் சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு இந்தக் காட்சியைப் போட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். "ஜட்டியை வெளியே போட்டிருக்கார்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "கயிறு கட்டித்தானே தூக்குறாங்க" என்று இன்னொரு குரல். சரி என்று அதே காட்சியை மறுபடி போட்டோம், இந்த முறை சத்தத்தோடு. சட்டையைப் பிரிக்கும் இடத்தில் டிரம்பெட்டுகள் கிளம்பின. சிரிப்பு அடங்கிவிட்டது. ஜட்டி என்று கத்திய அதே பையன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து நின்றான். விழும் பெண்ணை ஒரு கையிலும் ஹெலிகாப்டரை மறு கையிலும் அவர் தாங்கும்போது வகுப்பே கை தட்டியது. நான் வாசலில் நின்று பார்த்தேன். படத்தில் ஒன்றும் மாறவில்லை. அதே ஆள், அதே உடை, அதே கயிறு.

"அப்போ நாம எதுக்குக் கை தட்டினோம்?" என்று ஆசிரியர் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் அந்தப் பீரியடை ஒதுக்கினேன்.

அந்த இசையை எழுதியவர் ஜான் வில்லியம்ஸ். வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழு. மெட்டின் முதுகெலும்பு என்னவென்று பார்த்தால், நம் தம்புராவில் நாள் முழுக்க மீட்டும் ச, ப, மேல் ச, அவ்வளவுதான். பாட்டு கற்கும் ஒரு மாணவி இதைப் பாடிக்காட்டியதும் அறிவியல் ஆசிரியர் உற்சாகமாகிக் கரும்பலகைக்குப் போய்விட்டார். ச-வின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் என்றால் ப 300. இரண்டுக்கு மூன்று என்ற எளிய விகிதம். காதுக்கு அதில் உறுத்தலே இல்லை, நேராக நிற்கிற தூண் மாதிரி. அந்தத் தூணை டிரம்பெட், பிரெஞ்சு ஹார்ன், ட்ராம்போன் என்று பித்தளை வாத்தியங்களிடம் கொடுத்துவிட்டார் வில்லியம்ஸ். போர்க்களத்திலும் அரண்மனை வாசலிலும் நூற்றாண்டுகளாக ஊதிவந்த வாத்தியக் குடும்பம் அது. கேட்டதும் முதுகு நிமிர்கிறது. மெட்டில் ஒரு இடத்தில் மூன்று சுரங்கள் சேர்ந்து 'சூ-பர்-மேன்' என்று பெயரையே சொல்வது போல இருக்கும். அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து அன்று முழுக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலும் பாடியிருப்பார்கள், அந்தத் தொந்தரவுக்கு மன்னியுங்கள்.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டினால், சம்பந்தமே இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண் கலங்குகிறது. அந்த மேளத்தை எடுத்துவிட்டு, மைக்கில் பேசிக்கொண்டே ஒருவர் தாலி கட்டுவதாக நினைத்துப் பாருங்கள். சாவு வீட்டில் அடிக்கும் பறையும் திருவிழாவில் அடிக்கும் பறையும் ஒரே தோல்தான், அடி மட்டும் வேறு. எந்த நேரத்தில் எந்த இசை நம்மை எங்கே கொண்டுபோகும் என்று நம் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஹாலிவுட்டில் அதே வேலையை ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா செய்கிறது.

அந்த ஆர்க்கெஸ்ட்ரா இசை ஹாலிவுட் படங்களுக்குள் எப்படி வந்தது என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர் சொன்னார். எனக்கே அது புதுச் செய்தி. எரிக் கோர்ன்கோல்ட் என்ற இசையமைப்பாளர் வியன்னாவில் வளர்ந்தவர், யூதர். 1938-இன் தொடக்கத்தில் ராபின் ஹுட் படத்துக்கு இசையமைக்க ஹாலிவுட்டுக்கு வந்தார். அவர் அங்கே இருக்கும்போதே, மார்ச்சில், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்துவிட்டது. அந்தப் படம் தன் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி மெட்டு கொடுத்து, கதையோடு சேர்த்து அதை வளர்ப்பது ஜெர்மானிய இசை நாடகங்களில் வாக்னர் பெரிதாகச் செய்துகாட்டிய வழி. அதைப் படத்துக்குள் கொண்டுவந்ததில் கோர்ன்கோல்ட் போன்று ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பங்கு பெரியது. எழுபதுகளில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பழைய பாணி என்று ஒதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஜான் வில்லியம்ஸ் அந்த வழியை மீட்டெடுத்தார். இன்றைக்குச் சூப்பர் ஹீரோ என்றதும் நம் காதில் கேட்கிற பித்தளை முழக்கத்துக்குப் பின்னால் நாடு இழந்த ஒரு மனிதரின் கதையும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டாம் உலகப் போர் வரும்போது பிள்ளைகள் இதை மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே சூப்பர்மேனை வேறு இசையில் கேட்டார்கள். 2013-இல் வந்த படத்துக்கு ஹான்ஸ் ஸிம்மர் இசை. இங்கே மெட்டு டிரம்பெட்டில் தொடங்கவில்லை. ஒற்றைப் பியானோவில், தயங்கித் தயங்கித் தொடங்குகிறது. பக்கத்து வீட்டில் யாரோ பழகிக்கொண்டிருப்பது போல. பிறகுதான் மெல்ல வயலின்கள் சேர்கின்றன, கடைசியில் பல டிரம் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து அடித்த முழக்கம் வருகிறது. "இந்த சூப்பர்மேன் ஏன் டீச்சர் சோகமா இருக்கார்?" என்று ஒரு பெண் கேட்டாள். படத்தை நாங்கள் காட்டவே இல்லை, இசை மட்டும்தான் ஓடியது. சொந்த ஊர் எது என்று தெரியாமல் வளர்ந்த ஒருவனின் தனிமையை இசை மட்டுமே அவளிடம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் பேட்மேன். 1989 படத்துக்கு இசையமைத்த டேனி எல்ஃப்மேன் ஒரு ராக் இசைக்குழுவின் பாடகராக இருந்தவர்; இசைக் கல்லூரிப் பக்கம் போகாதவர். லண்டனில் படப்பிடிப்பைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது மெட்டு மனதில் ஓட ஆரம்பிக்க, மறந்துவிடுமோ என்று டேப் ரெக்கார்டரோடு விமானத்தின் கழிப்பறைக்குள் போய்ப் போய் முணுமுணுத்துப் பதிவுசெய்திருக்கிறார். 2005-இலும் 2008-இலும் வந்த பேட்மேன் படங்களில் ஸிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் மெட்டையே கிட்டத்தட்டக் கைவிட்டார்கள். ச-விலிருந்து 'சாதாரண காந்தாரம்' என்ற சுரத்துக்கு ஒரு எட்டு; இரண்டே சுரம். பாட்டாக விரிவதற்குள் நின்றுவிடுகிறது. தன்னை வீரன் என்று நம்பாத ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதிவிட முடியாது என்பது என் எண்ணம்.

2008 படத்தின் வில்லனுக்கு அதுவும் இல்லை. பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவின் தந்தியில் ஒரு சுரம் இழுபட்டு, வழுக்கி, எங்கேயும் போய் நிற்காமல் மேலேறிக்கொண்டே போகும். அந்தப் படம் எட்டாம் வகுப்புக்கு ஏற்றதில்லை, காட்டவில்லை, காட்டவும் மாட்டோம். ஒலியை மட்டும் ஒரு நிமிடம் கேட்கவைத்தோம். "காதுக்குள்ள கொசு போற மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்றார்கள். உடனே நிறுத்தினோம். சுரம் ஓரிடத்தில் நின்றால் மனசும் நிற்கும். நிற்காவிட்டால் மனசும் நிலைகொள்ளாது. அன்று அவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பிளாக் பாந்தர் நாள். 2018-இல் வந்த படம். இசையமைப்பாளர் லுட்விக் யோரான்சன் ஸ்வீடன்காரர். ஆப்பிரிக்கக் கதைக்கு இசையமைப்பதற்கு முன் செனகல் நாட்டுக்குப் போய், பாபா மால் என்ற பாடகரோடு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். அங்கேதான் பேசும் மேளம் என்ற வாத்தியத்தைக் கேட்டார். கிட்டத்தட்ட நம் உடுக்கை மாதிரி இடை சிறுத்த மேளம். அக்குளில் இடுக்கிக் கயிறுகளை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்தையே கொண்டுவந்துவிடும். கதாநாயகன் டிசாலாவின் பெயரையே அந்த மேளம் சொல்லும்படி அமைத்து, அதைச் சுற்றி மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவை எழுப்பினார். அந்த இசை ஆஸ்கர் வாங்கியது. எங்கள் அலுவலக உதவியாளர் அம்மன் கோயில் உடுக்கையைக் கொண்டுவந்து கயிற்றை அழுத்திக் காட்டினார். கோயிலில் தினமும் பார்க்கிற பொருளைப் பிள்ளைகள் அன்றுதான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

சரி, இதெல்லாம் எதற்கு? மதிப்பெண்ணுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு நாளைக்கு எத்தனை வீடியோக்கள் வந்துபோகின்றன என்று உங்களுக்கே தெரியும். விளம்பரம், தேர்தல் பிரச்சாரம், யாரோ ஒருவரைத் தலைவராக்கும் முப்பது விநாடித் துண்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் இதே ஹார்னும் இதே டிரம்மும் ஓடுகின்றன. நெஞ்சு விம்மும்போது, விம்ம வைத்தது அந்த மனிதர் செய்த காரியமா, பின்னால் ஓடும் ஆர்க்கெஸ்ட்ராவா என்று பிள்ளை கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாரம் ஒரு மாணவி வந்து, தன் தம்பி அடம்பிடித்துக் கேட்கும் சத்துபான விளம்பரத்தைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். "ஒரு பையன் ஓடுறான் டீச்சர், அவ்வளவுதான்." அந்த ஒரு வரிக்காக இன்னும் நான்கு வெள்ளிக்கிழமை ஒதுக்க நான் தயார்.

அதே சமயம், சந்தேகப்படுவதை மட்டும் கற்றுக்கொடுப்பது என் நோக்கமில்லை. நூறு பேர் மூச்சைச் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் ஒரு சுரத்தை எழுப்புவது மனிதர்கள் செய்கிற பெரிய காரியங்களில் ஒன்று. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கேட்டால் அது இன்னும் அழகாக இருக்கிறது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். இந்த வகுப்புக்கு ஒப்புதல் சீட்டு இணைத்திருக்கிறேன். வரும் வியாழனுக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். விருப்பமில்லை என்றால் தயங்காமல் எழுதுங்கள், அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை நூலகத்தில் இருக்கலாம். வீட்டில் ஏதாவது படம் ஓடும்போது ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் சேர்ந்து பாருங்கள், பிறகு சத்தத்தோடு பாருங்கள். என்ன மாறியது என்று பிள்ளையிடம் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் செல்லோவும் பெரிய மேளங்களும் பாதிகூடக் கேட்காது, அதனால் டிவியில் பார்ப்பது நல்லது. ஹெட்போன் போட்டுத்தான் கேட்பேன் என்று அடம்பிடித்தால், சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்க விடாதீர்கள். பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் டிரம்பெட் ஒலித்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் கையை உயர்த்தி, "இது எங்க அப்பா வாசிப்பாரு" என்றான். அவர் பேண்டு செட்டில் வாசிப்பவர். கல்யாணம், கோயில் ஊர்வலம் என்று இரவெல்லாம் வேலை. கூட்டத்துக்கு ஒருமுறைகூட வர முடிந்ததில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முதலில் கூச்சப்பட்டார், பிறகு பெட்டியைத் திறந்தார். பித்தளை மங்கி, மூன்று பொத்தான்களில் ஒன்றின் மேல் மூடி போய், அங்கே ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டிவைத்திருந்தார். ஊதிக் காட்டினார். அதே ச, அதே ப. தெருவே திரும்பிப் பார்த்தது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அவர் பள்ளி மைதானத்தில் வாசிக்கிறார். நாதஸ்வரமோ தவிலோ பறையோ வாசிப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வாத்தியத்தோடு வரச் சொல்லுங்கள். நாற்காலிகள் போட்டிருப்போம். அன்று கேள்வி கேட்ட தகப்பனாருக்கு முன்வரிசையில் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்