டவுன் ட்யூனிங் செட்டப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதைச் செய்யாமல் அனுப்பிய பேஸ் கிட்டார் குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

நான் மதுரையில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவன். உங்கள் இணையக் கடையில் 34 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) உள்ள நாலு கம்பி பேஸ் கிட்டார் வாங்கினேன். கூடவே, கம்பிகளின் சுருதியை இறக்கி வாசிப்பதற்கேற்பக் கிட்டாரைச் சரிசெய்து தரும் 'டவுன் ட்யூனிங் செட்டப்' என்று நீங்கள் தனியாக விற்கும் சேவைக்கும் ரூ.1,800 கட்டினேன். நாலு கம்பியும் ஒரு டோன் கீழே, அதாவது டி, ஜி, சி, எஃப். கம்பி 50–110 செட், அதாவது மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 50 பங்கு, தடித்த அடிக்கம்பி 110 பங்கு. ஆர்டர் குறிப்பில் இப்படித்தான் எழுதியிருந்தேன்.

இது விளையாட்டுக்குக் கேட்டதல்ல. எங்கள் பாடகர்களில் பலர் 2 கட்டையில் பாடுகிறவர்கள். 2 கட்டைக்கு ஸட்ஜம் டி. வழக்கமான ட்யூனிங்கில் அடிக்கம்பி இ-யோடு நின்றுவிடும். அந்த ஸட்ஜத்தை ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் பேஸ் எதற்கு?

வந்த கிட்டாரை டி-க்கு இறக்கியதும் அடிக்கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (நெக் என்ற கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) ஐந்தாவது வரை எங்கே அழுத்தினாலும் 'ஸ்ர்ர்' என்று உலோகம் உரசுகிற இரைச்சல். ஸ்வரம் நீளாமல் பாதியில் செத்துவிடுகிறது. லேசான ஃப்ரெட் பஸ் (இப்படிக் கம்பி ஃப்ரெட்டில் உரசும் இரைச்சல்) ஆம்ப்பில் தெரியாது என்று உங்கள் சேவை மையத்தில் சொன்னார்கள். லேசான பஸ்ஸுக்கு அது சரி, அதற்காக நானும் கடிதம் எழுத மாட்டேன். இது டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) வழியாக மிக்சருக்குப் போய், சவுண்ட் எஞ்சினியர் மேடையைப் பார்த்து முகம் சுளிக்கிற அளவு இரைச்சல்.

"ட்யூனிங்கை இறக்கினால் பஸ் வருவது இயல்பு, மெதுவாக வாசியுங்கள்" என்று மின்னஞ்சலில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். இயல்பு என்றால் அதைத் தீர்ப்பதற்கென்று ஒரு சேவையை ஏன் விற்கிறீர்கள்?

காரணம் உங்கள் டெக்னீஷியனுக்குத் தெரியாததல்ல. இ கம்பி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, டி-க்கு இறக்கினால் 36.7. அதே கம்பியில் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடும். அதோடு, நெக்கை முன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பாரமும் குறைவதால் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு நெக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கம்பி ஆட இடம் கூடுதலாக வேண்டிய நேரத்தில் இருக்கிற இடமும் போய்விடுகிறது. அதனால்தான் டிரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், கம்பியைத் தடிமனாக்க வேண்டும், தடித்த கம்பிக்கு நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதிந்து நிற்கும் சிறு பட்டை) பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும். நான் பணம் கட்டியது இந்த வேலைகளுக்கு.

இதில் எது நடந்திருக்கிறது என்று பார்த்தேன். அடிக்கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் 0.3 மி.மீ. அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் பெட்டிக்குள் வந்த விசிட்டிங் கார்டையே அங்கே செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. அந்த கார்டில் அச்சடித்திருக்கும் 'நிபுணர்களின் கைவண்ணம்' என்ற வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடிக்கம்பியின் தடிமனை எங்கள் தெரு லேத் பட்டறையில் டிஜிட்டல் காலிப்பரில் அளந்தோம்: 2.67 மி.மீ. அது 105. நான் கேட்ட 110 என்றால் 2.79 இருக்க வேண்டும். நட்டில் அரம் பட்ட தடமே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த கிட்டாரை அப்படியே பெட்டி மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிட்டாரைச் சேவை மையத்துக்கு அனுப்பினேன். பிரிட்ஜில் (கிட்டார் உடல் பக்கம் கம்பிகள் முடியும் இடம்) சேடில்களை, அதாவது கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுகளை, திருகி உயர்த்தி, 'சரிசெய்யப்பட்டது' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். சேடிலை உயர்த்துவது மேல் ஃப்ரெட்டுகளுக்கு உதவும். நட்டுக்குப் பக்கத்தில் அதன் பலன் அவ்வளவாக எட்டாது. கீழே பஸ் அப்படியே இருக்கிறது. 17-ஆம் ஃப்ரெட்டிலோ இரண்டு மி.மீ. சொச்சம் இருக்க வேண்டிய கம்பி உயரம் இப்போது 4 மி.மீ. விரல் நோகிறது, 12-க்கு மேலே ஸ்வரம் சுருதி ஏறிப் பேசுகிறது. கொடுத்ததைவிட மோசமாகத் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்து மதுரை வெயிலைக் காரணம் காட்டினார்கள். கம்பியை மறுபடி இ-க்கு ஏற்றினால் பஸ் நின்றுவிடுகிறது. வெயிலில் நெக் கோணிப்போயிருந்தாலோ ஃப்ரெட் மேடு பள்ளமாக இருந்தாலோ அப்படி நிற்காது. கிட்டார் நல்ல கிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். செய்வதாகச் சொன்ன வேலை செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

நானே ஒரு ஆலன் கீ வைத்துக் கால் சுற்று தளர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டிரஸ் ராட் மூடியின் மேல், 'இதைத் திறந்தால் வாரண்டி செல்லாது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். நீங்களும் தொட மாட்டீர்கள், நானும் தொடக்கூடாது!

எனவே, ஆர்டர் குறிப்பில் உள்ளபடி 50–110 கம்பி போட்டு, டிரஸ் ராட், நட், சேடில், இன்டொனேஷன் (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) அத்தனையும் டி ட்யூனிங்கில் வைத்தே சரிசெய்து, இருபக்கக் கூரியர் செலவையும் ஏற்றுத் திருப்பித் தர வேண்டும். உங்களால் முடியாது என்றால், செட்டப் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மதுரையிலேயே ஒரு டெக்னீஷியனிடம் மூடியைத் திறந்து வேலை பார்த்தாலும் வாரண்டி தொடரும் என்று எழுத்தில் கொடுங்கள். எனக்கு எது ஆனாலும் சம்மதம். திருவிழா சீசன் தொடங்குமுன் கிட்டார் கைக்கு வர வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது.

பில் நகல், ஆர்டர் குறிப்பு, காலிப்பர் அளவின் புகைப்படம், டி-யிலும் இ-யிலும் அதே கம்பியை வாசித்த ஒலிப்பதிவு ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஒலிப்பதிவை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.