காரணியைக் காட்டாமலே பகு எண்

அன்புள்ள தம்பிக்கு,

"காரணியைக் கண்ணில் காட்டாமல் ஒரு எண்ணைப் பகு எண் என்று சொல்வது ஏமாற்று வேலை" என்று எழுதியிருந்தாய். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எண்ணாலும் (அதுதான் காரணி) மீதியில்லாமல் வகுபட்டால் பகு எண், வகுபடாவிட்டால் பகா எண், அவ்வளவுதானே? சிரித்துவிட்டேன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சந்தேகப்பட்ட எண் இது: 147573952589676412927. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2-இன் எந்தெந்த அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் பகா எண் கிடைக்கும் என்று 257 வரை ஒரு பட்டியல் போட்டார். அதில் 67 இருந்தது, 61 இல்லை. உண்மையில் இருக்க வேண்டியது 61தான். எழுத்துப்பிழை என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. 89, 107 இரண்டையும் விட்டுவிட்டு 257-ஐயும் தப்பாகச் சேர்த்தவருக்கு அவ்வளவு சலுகை தர எனக்கு மனமில்லை. ஆனாலும், கையால் கணக்குப் போட்ட காலம், பாவம்.

1876-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர், அந்த 67 தப்பு, அந்த எண் பகு எண்தான் என்று நிரூபித்தார். ஒரு காரணியைக்கூடச் சொல்லவில்லை. உன் கோபம் இங்கேதான். சரி, பெரிய எண்ணை விடு, 91-ஐ எடுத்துக்கொள்.

91 பகா எண்ணாக இருந்தால், 90 இரண்டுகளைப் பெருக்கி 91-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும். இது ஃபெர்மா சொன்ன விதி. போட்டுப் பார்ப்போம். 12 இரண்டுகளைப் பெருக்கினால் 4096. 91-ஐ 45-ஆல் பெருக்கினால் 4095. ஆக மீதி 1. 12 இரண்டுகள் சேர்ந்தால் மீதி 1 என்றால், 84 இரண்டுகளுக்கும் (ஏழு பன்னிரண்டு 84) மீதி 1தான். 90-இல் பாக்கி இருப்பது 6 இரண்டுகள், அதாவது 64. வர வேண்டியது 1, வந்தது 64. கதை முடிந்தது, 91 பகு எண். 7, 13 என்ற பெயர்கள் பேச்சிலேயே அடிபடவில்லை, பார்த்தாயா?

மீதி 1 வந்துவிட்டால் மட்டும் பகா எண் என்று முடிவு கட்டிவிடாதே. 341 இந்தச் சோதனையில் தேறிவிடும், ஆனால் அது 11 பெருக்கல் 31. லூக்கா பயன்படுத்தியது வேறு சோதனை, இதைவிடக் கூர்மையானது. அடிப்படை யோசனை ஒன்றுதான்: பகா எண் என்றால் இப்படி நடந்தாக வேண்டும், நடக்கவில்லை, அதனால் அது பகா எண் இல்லை.

காரணிகள் கிடைக்க 1903 வரை ஆனது. ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணிதர் ஒரு கூட்டத்தில் எழுந்து, வாயே திறக்காமல் கரும்பலகையில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், எண்கள் சரிதான். முதல் காரணியில் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பார். மீதியே இல்லாமல் 1445580 வரும். தற்செயல் இல்லை. 67 இரண்டுகளிலிருந்து பிறந்த இந்த எண்ணின் காரணி எதுவானாலும், 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். இரண்டாவது காரணியை நீயே போட்டுப் பார்.

அப்புறம், இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதே. 1277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 385 இலக்க எண் வரும். அது பகு எண் என்பது நிச்சயம். இத்தனை கணினிகள் தேடியும், நான் இதை எழுதும் வரை, அதற்கு ஒரு காரணிகூடச் சிக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்