ஞாயிற்றுக்கிழமை ரயில் இல்லையாமே

அன்புள்ள விஜிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். லைன் பிளாக், தண்டவாள வேலைக்காகத் தாம்பரம் லோக்கல் ரயில் ஓடவில்லை, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி. குரோம்பேட்டையிலிருந்து நம் பெரம்பூர் வீட்டுக்கு வழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

லோக்கல் ஓடுகிற நாளில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் ரோட்டைத் தாண்டினால் ரிப்பன் பில்டிங் பக்கம், சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் ஸ்டேஷன். தப்பு நடப்பது அங்கேதான். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வண்டி என்றால் பெரம்பூர் வரும். கும்மிடிப்பூண்டி வண்டியும் அங்கிருந்தே கிளம்பும். அவசரத்தில் அதில் ஏறினால் கொருக்குப்பேட்டையில் போய் நிற்பாய். ஏறிவிட்டாலும் பதறாதே, முதலில் வரும் பேசின் பிரிட்ஜில் இறங்கிவிடு, அதற்கப்புறம்தான் இரண்டு லைனும் பிரிகிறது. போர்டைப் பார்த்து ஏறு.

சில பிளாக்கில் வண்டியை ரத்து பண்ண மாட்டார்கள், எக்ஸ்பிரஸ் லைனில் திருப்பிவிடுவார்கள். அந்த லைனுக்கு எல்லா ஸ்டேஷனிலும் பிளாட்பாரம் கிடையாது, அதனால் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. அறிவிப்பில் ஸ்டேஷன் பெயரைப் படித்துவிட்டுக் கிளம்பு.

ஒரேயடியாக நிறுத்திவிட்டால் ஸ்டேஷன் பக்கமே போகாதே. ஜி.எஸ்.டி. ரோட்டில் கிண்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பல்லாவரம் தாண்டி ஏர்போர்ட்டில் இறங்கு. மெட்ரோவில் நீல லைன் சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக நேரே சென்ட்ரல் வரும். ஆலந்தூரில் பச்சை லைனுக்கு மாறச் சொன்னால் மாறாதே, அது கோயம்பேடு சுற்றிக்கொண்டு அதே சென்ட்ரலுக்குத்தான் வரும்.

முழுக்க பஸ்ஸிலேயே வருவதென்றால் பழைய 21ஜி மாதிரி கிண்டி, லஸ் என்று ஊரெல்லாம் சுற்றிப் பாரிமுனை வரவேண்டும், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எந்த பஸ்ஸானாலும் நம்பரை மட்டும் பார்க்காதே. கட் சர்வீஸ் என்றால் அதே நம்பரைப் போட்டுக்கொண்டு பாதி வழியில் திரும்பிவிடும். கண்டக்டரைக் கேட்டு ஏறு. 29சி-யில் அம்மா பட்டது ஞாபகம் இருக்கிறதல்லவா. போர்டைப் பார், அப்புறம் ஏறு.

2023 ஆகஸ்ட் கடைசியில், பீச்–எழும்பூர் நாலாவது லைன் போடுவதற்காக வேளச்சேரி வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். மறுபடி பீச் வரை விட்டது 2024 அக்டோபர் கடைசியில். 14 மாதம். அதற்காக வேளச்சேரியில் இருக்கிற பெண்கள் யாரும் பிறந்த வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடவில்லை.

நீ மேனேஜர் ஆனது அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். எப்போது ஆனாள் என்று கேட்டார்கள், அதுதான் எனக்குத் தெரியவில்லை.

எழுதினதைத் திரும்பப் படித்தேன். பெரம்பூரிலிருந்து குரோம்பேட்டைக்கும் இதே வழிதான், பின்னாலிருந்து படித்தால் போதும். நீ அங்கே குடிபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை வழி தெரிந்தும் நான் ஒரு தடவை வரவில்லை. அன்றைக்கு வாசலில் நிற்கவைத்து நான் சொன்ன வார்த்தை தப்பு விஜி. அம்மா அன்றைக்கே சொன்னாள்.

வருகிற ஞாயிறு நான் வருகிறேன், லோக்கல் ஓடினாலும் ஓடாவிட்டாலும். நீ சமையல் எதுவும் பெரிதாகச் செய்ய வேண்டாம். உன் வீடு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோடு பக்கமா, ராதா நகர் பக்கமா? அதை மட்டும் அம்மாவிடம் போனில் சொல்லு.

அப்பா