கடைசி பஸ்ஸும் கிருஷ்ணன்-பஞ்சுவும்: ஞாயிறு திரையிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் மன்றத்தின் ஞாயிறு திரையிடல் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிறு நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய தரவரிசையைப் பார்த்தோம். 'கிருஷ்ணன்-பஞ்சு படங்கள், மக்கள் ஓட்டில் முதல் ஐந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டு, முதலிடம் ரத்தக்கண்ணீர், அடுத்தது பராசக்தி, அப்புறம் நல்லதம்பி, தெய்வப்பிறவி, கடைசியில் குழந்தையும் தெய்வமும். அந்த இரட்டை டைரக்டர்கள் எடுத்த சர்வர் சுந்தரம் இல்லை. உயர்ந்த மனிதன் இல்லை. எம்.ஜி.ஆர். படம் ஒன்றுகூட இல்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இதற்கெல்லாம் போய் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நானும் இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன். ஆனால் இந்த வரிசையை முடிவு செய்தது யாருடைய ரசனையும் இல்லை, எங்கள் பக்கத்துக் கடைசி பஸ். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். படம் நாலு மணிக்கு என்று போர்டில் இருக்கும். அறிமுக உரை முடிந்து படம் ஓட ஆரம்பிக்கும்போது நாலரை. எங்கள் வழியில் போகிற கடைசி பஸ் ஆறேகாலுக்கு. அந்தக் காலத்துப் படங்கள் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக முடிவது அபூர்வம், பராசக்தி மூன்று மணி நேரத்தையே தாண்டும். ஆக, கீழ் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் அந்த வழியில் இருக்கும் படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் வருகிறவர்கள் இதுவரை உங்கள் ஹாலில் ஒரு படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. ஓட்டுச் சீட்டை நீங்கள் கொடுப்பது படம் முடிந்து வெளியே வரும்போது, வாசலில். அந்த நேரத்தில் நாங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருப்போம்.

'பஸ் போனால் என்ன, நடந்து போகலாமே' என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போகலாம்தான். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாது, தேயிலைக்கு நடுவில் காட்டு மாடு நின்றால் கிட்டப் போன பிறகுதான் தெரியும், கரடி என்றால் அந்த அவகாசமும் கிடையாது. ஜீப் பிடிக்கலாம் என்றால் அந்த வாடகைக்குக் கொழுந்துக் கூலி கட்டுப்படியாகாது. இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்களும் இதே மலையில்தான் இருக்கிறீர்கள்.

உயர்ந்த மனிதன் போட்ட ஞாயிறைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1968-ல் வந்த படம், சிவாஜிக்கு 125-வது. அவருடைய முதல் படமான பராசக்தியை எடுத்த அதே இருவர்தான் இதையும் எடுத்தார்கள். மில் முதலாளி வீட்டுப் பையன் கொடைக்கானல் எஸ்டேட்டுக்கு வருகிறான், அங்கே வேலை பார்ப்பவரின் மகளைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறான், விஷயம் தெரிந்ததும் அப்பன்காரன் அவர்கள் இருந்த வீட்டையே கொளுத்திவிடுகிறான். வருஷக்கணக்குக்குப் பிறகு அந்தப் பெண்ணின் மகன், தகப்பன் வீட்டுக்கே வேலைக்காரனாக வந்து நிற்கிறான். தகப்பனுக்கு அவன் யார் என்று தெரியாது, அவனுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் அத்தை வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். எஸ்டேட் முதலாளி, எஸ்டேட்டில் வேலை பார்ப்பவன் மகள், எரிந்த வீடு என்று வந்தால் அவருக்கு அது வெறும் கதை இல்லை, அன்றைக்கு அப்படிக் கண் எடுக்காமல் பார்த்தார். சரியாக அந்தப் பையன் வீட்டுக்குள் வந்து பழக ஆரம்பித்த இடத்தில் மணி ஆறாகிவிட்டது, கம்பளியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டோம்.

மறுநாள் தோட்டத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "ஏண்டா, அவன் தன் பிள்ளைதான்னு அந்த ஆளுக்குக் கடைசியில தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நானும் அதே பஸ்ஸில்தானே வந்தேன். அப்புறம் மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து மிச்சப் படத்தை போனில் பார்த்துவிட்டு வந்து கதையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ சொன்னா அழுகையே வரலையே" என்றார். அழுகை எப்படி வரும்? அந்தக் கடைசிக் காட்சியில் சிவாஜி முகம் என்ன பாடுபடுகிறது என்பதை நான் எந்த வார்த்தையில் சொல்ல? அந்த அத்தைக்கு உங்கள் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆறரை மணிக்குக் காரில் வந்து இறங்கி, கடைசி அரை மணி நேரம் உட்கார்ந்து, மன்றத்து போண்டாவும் டீயும் முடித்துக்கொண்டு போனவர்களுக்குச் சீட்டு உண்டு.

ஆகவே, எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வரிசையைக் கழற்றிவிட்டு, படங்களை மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டு, திரும்ப ஓட்டெடுங்கள்.

சர்வர் சுந்தரத்துக்கு நடந்தது இதைவிட மோசம். 1964-ல் கே. பாலசந்தர் கதை, வசனம் எழுதி, நாகேஷ் கதாநாயகனாக நடித்த படம். முதல் பாதியை மட்டும் பார்த்தால், அழகில்லாத ஒரு ஹோட்டல் சர்வர் அடிக்கிற லூட்டி, அவ்வளவுதான். மிச்சத்தில்தான் அவன் நடிகனாகிப் பெரிய ஆளாகி, ஆசைப்பட்ட பெண் கிடைக்காமல், அம்மாவையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இது இன்றைக்கும் காமெடிப் படம். 'முழுசாகப் பார்த்தவர்களும் போடவில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு அறிமுக உரையில் 'இது ஒரு லேசான பொழுதுபோக்குப் படம்' என்று நீங்களே முத்திரை குத்திவிட்டீர்கள், பிறகு யார் போடுவார்கள்? பஜார் ஹோட்டல்களில் வேலை செய்கிற பையன்கள் சிலர் அன்றைக்குப் பின்னால் நின்றுகொண்டே பார்த்தார்கள். சாயங்கால டிபன் நேரம் வந்ததும் முதலாளி கூப்பிடுவார் என்று ஓடிவிட்டார்கள். சர்வர் சுந்தரத்துக்கு ஓட்டுப் போடச் சர்வர்களே இல்லை. நீங்கள் சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கணக்கில் அதுதான் முதலிடம். ஒரு சினிமாப் பாட்டு எப்படிப் பதிவாகிறது என்று டி.எம். சௌந்தரராஜனையும் எம்.எஸ். விஸ்வநாதனையும் வாத்தியக்காரர்களோடு திரையிலேயே நிறுத்திக் காட்டிய படம் அது. சினிமாவின் பளபளப்பையும் அதற்குக் கொடுக்கிற விலையையும் ஒரே படத்தில் வைப்பது லேசான வேலையா?

பராசக்தி இரண்டாமிடம், அதில் எனக்கும் சம்மதமே. ஆனால் தாளில் நீங்கள் எழுதியிருக்கும் காரணம் 'கலைஞரின் வசனம், கோர்ட் காட்சி'. கோர்ட் வசனம் எங்களுக்கும் மனப்பாடம், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பெரியவர்களை உலுக்குவது வேறு இடம். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து மெட்ராஸில் கால் வைத்த குணசேகரன், சொந்த மண் என்று நம்பி வந்த இடத்தில் கையில் இருந்த எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் பைத்தியக்காரன்போல நடித்துத் திரிகிறானே, அந்த இடம். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ குடும்பம். இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டதே அவர்களுக்காகத்தான். அவர்களில் ஒருவரிடமாவது பராசக்தி ஏன் பிடிக்கும் என்று உங்கள் குழு கேட்டதா?

ரத்தக்கண்ணீர் முதலிடம் என்பதில்தான் எனக்குச் சண்டை. எம்.ஆர். ராதா மேடையில் வருஷக்கணக்கில் ஆடிப் பழுத்த நாடகம் அது, 1954-ல் படமானது. திருவாரூர் தங்கராசு வசனம், ராதாவின் குரல், ராதாவின் நக்கல். டைரக்டர்கள் கேமராவை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்கி நிற்பதும் ஒரு திறமைதான், ஒத்துக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் இந்த இருவரின் குணமே அது. 1949-ல் நல்லதம்பிக்கு அண்ணா எழுதினால் அண்ணா முன்னால் தெரிவார், 1952-ல் கலைஞர், 1964-ல் பாலசந்தர். இவர்கள் பெயர் மட்டும் போஸ்டரின் கீழ் மூலையில் கிடக்கும். ஐம்பது படங்களுக்கு மேல் எடுத்தும் தெருவில் யாரையாவது நிறுத்திக் கேட்டால் 'சிவாஜி படம்', 'ராதா படம்', 'நாகேஷ் படம்' என்பார்களே தவிர, கிருஷ்ணன்-பஞ்சு படம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நீங்கள் இவர்களை எடுத்துக்கொண்டு வரிசையாகப் படம் போடுகிறீர்கள் என்று கேட்டபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனாலும் எனக்கு ரத்தக்கண்ணீர் ஐந்தாவது இடம்தான். மூன்றும் நாலும் உயர்ந்த மனிதனும் குழந்தையும் தெய்வமும். எது முன்னால் எது பின்னால் என்று எனக்கே வாராவாரம் மாறுகிறது.

பஞ்சு படத்தொகுப்பும் தெரிந்தவர், பஞ்சாபி என்ற பெயரில் தன் படங்களைத் தானே வெட்டி ஒட்டியவர் என்று உங்கள் உரையிலேயே சொன்னீர்கள். அப்படிப்பட்ட ஆளின் படத்தை, எங்கள் மேல் இரக்கப்பட்டு 'சீக்கிரம் முடிக்கிறோம்' என்று ஒரு வாரம் ரிமோட்டை வைத்துப் பாட்டுகளைத் தள்ளித் தள்ளி ஓட்டினீர்களே, அந்த இரக்கம் வேண்டாம். உரையைச் சுருக்கியிருந்தாலே இரண்டு பாட்டு மிச்சமாகியிருக்கும்.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் நான் அதிகம் பேசப்போவதில்லை. சாப்ளின் 1921-ல் எடுத்த படத்தைத் தமிழாக்கி இவர்கள் கொடுத்த பெற்றால்தான் பிள்ளையாவும், 1970-ன் எங்கள் தங்கமும் 'வணிகப் படங்கள்' என்று தேர்வுப் பட்டியலுக்கே வரவில்லையாம். இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்த மனிதர் அவர். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும். மக்கள் ஓட்டு என்று போட்டுவிட்டு அந்த வீடுகளை விட்டுவிட்டீர்கள்.

மலையில் எதைத்தான் எங்கள் பஸ் நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள்? மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்றால் ஊரெல்லாம் ஜோடனை, சீசனுக்கு ஸ்பெஷல் பஸ், கத்தரிக்காயில் யானை செய்து வைத்துப் போட்டோ பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காய்கறியை விளைவித்தவனும் பக்கத்தில் கொழுந்து பறித்தவளும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு போய்ச் சேர வழி கேட்டால், வருமானம் இல்லாத ரூட் என்று பதில் வரும். ஆஸ்பத்திரி டோக்கனிலிருந்து பள்ளிக்கூட ஆண்டு விழா வரைக்கும் இதே கதை. எல்லாம் பஜாரில் வீடு இருக்கிறவர்கள் கடிகாரப்படிதான். சரி, இது உங்கள் தப்பு இல்லை, இதற்கு நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

படத்தை இரண்டு மணிக்கு ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தையும் துவைக்கிற வேலையும் முடித்துவிட்டு எங்களால் தாராளமாக வந்துவிட முடியும். உரையைப் படம் முடிந்த பிறகு வையுங்கள், விருப்பப்பட்டவர்கள் இருந்து கேட்கட்டும், ஆறேகால் வரை நானும் கேட்பேன். விட்ட படங்களை, முக்கியமாகச் சர்வர் சுந்தரத்தையும் உயர்ந்த மனிதனையும், இன்னொரு தடவை முழுசாகப் போடுங்கள். அதுவரை இந்த வரிசையைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பிறகு எல்லோரிடமும் ஓட்டு வாங்குங்கள். அப்படி வாங்கியும் ரத்தக்கண்ணீரே முதலில் வந்தால், வாயை மூடிக்கொண்டு கைதட்டிவிட்டுப் போகிறேன்.

மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுகிறது, அதனால்தான் நாலு மணி என்று போன தடவை சொன்னீர்கள். இங்கே இருக்கிற பனிக்கு எந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறதோ தெரியவில்லை, இருந்தாலும் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறோம். தடிமனான கறுப்புத் துணிக்கு எங்கள் லைனில் காசு திரட்ட ஆரம்பித்துவிட்டோம், தைக்க ஆளும் மெஷினும் எங்களிடமே உண்டு. தயவுசெய்து ஹாலின் ஜன்னல் அளவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். வருகிற ஞாயிறு பஸ்ஸில் வரும்போது வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழ் எஸ்டேட் லைன்களிலிருந்து வந்து பாதிப் படம் பார்த்துப் போகிறவர்கள் சார்பில்,
அவர்களில் ஒருவன்