நாஸுக்கென்று விற்ற ஹார்ட் டிஸ்க்குகளை மாற்றித் தரக் கோரல்

கிளிநொச்சி

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா/அம்மணி,

உங்கள் இணையக் கடையில் "நாஸ் பாவனைக்கு, சிஎம்ஆர்" என்று போட்டிருந்த 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு வாங்கினோம். நாஸ் என்பது வலையமைப்பில் வைத்துப் பலரும் பாவிக்கும் சேமிப்புப் பெட்டி. சிஎம்ஆர் என்பது தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக உள்ள டிஸ்க் வகை. வந்த நான்கும் எஸ்எம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் வகை. லேபிளில் உள்ள மாடல் இலக்கத்தின் கடைசி எழுத்துகள் உங்கள் பட்டியலில் இருந்தவை அல்ல. அந்த இலக்கத்துக்குரிய தயாரிப்பாளரின் தரவுத்தாளும் எஸ்எம்ஆர் என்றே சொல்கிறது. நாங்கள் பொருத்திப் பார்த்த ஒன்றில் எச்டிபார்ம் (டிஸ்க்கின் விவரம் காட்டும் கட்டளை) ட்ரிம் ஆதரவு (அழித்த இடங்களை டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் வசதி) உண்டு என்று காட்டியது. சுழலும் டிஸ்க்கில் ட்ரிம் இருந்தால் அது எஸ்எம்ஆர் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் முறைப்பாட்டுக்கு, ஸ்மார்ட் சோதனையில் (டிஸ்க் பழுதா என்று அது தானே பார்ப்பது) பாஸ், ஆகவே உத்தரவாதத்தில் மாற்ற முடியாது என்று பதில் தந்தீர்கள். டிஸ்க் பழுது என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. கேட்ட பொருளுக்குப் பதிலாக வேறு பொருள் வந்திருக்கிறது. அதை ஸ்மார்ட் சோதனை காட்டாது.

எஸ்எம்ஆரில் தடங்கள் கிடுகு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அடியிலுள்ள கிடுகை மாற்ற மேலே உள்ளவற்றையும் கழற்ற வேண்டும். அதுபோல, இடையில் சிறிது மாற்றி எழுதவும் டிஸ்க் ஒரு பெரிய பகுதியை வாசித்துத் திரும்ப எழுதுகிறது. இதை மறைக்கத்தான் ஒரு தற்காலிகப் பகுதி வைத்திருக்கிறார்கள். அது நிரம்பும்வரை வேகமாக ஓடும், நிரம்பியதும் படுத்துவிடும். படங்களை ஒருமுறை எழுதி அலுமாரியில் வைப்பவருக்கு இந்த டிஸ்க் போதும். ஸெட்எஃப்எஸ் பூலில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கிய சேமிப்பு) மணிக்கணக்காக ஓயாமல் எழுதும் ரீசில்வருக்கு (மாற்றிய டிஸ்க்கில் தரவைத் திரும்ப நிரப்பும் வேலை) ஆகவே ஆகாது.

எங்கள் நாஸ் பெட்டியில் நான்கு இடங்கள், ரெயிட்ஸெட்1, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் அமைப்பு. அதில் இருப்பவை பழைய 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3 டெராபைட் தரவு. ஐந்தாவது இடம் இல்லாததால் பழையதை ஆஃப்லைன் செய்து கழற்றி, புதியதைப் போட்டு, ஸீபூல் ரீப்ளேஸ் (டிஸ்க் மாற்றும் கட்டளை) கொடுத்து, முடிந்தபின் அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கும் மாறிய பிறகுதான் கூடிய கொள்ளளவு கிடைக்கும். செக்கனுக்கு 100 மெகாபைட் போனால் ஒரு டிஸ்க்குக்கு ஒன்பது மணித்தியாலம் போதும், இரவோடு முடிந்துவிடும். உங்கள் டிஸ்க் முதல் பத்து நிமிடம் 130இல் ஓடி, பிறகு 9இல் நின்றது. 38 மணித்தியாலத்தில் 41 வீதம். அதன்பின் தரவு எழுதும் கோரிக்கைகளுக்கு டிஸ்க் பதில் தராததால் பூல் அதை ஃபோல்ட்டட் (இயங்காதது) என்று வெளியே தள்ளியது. தடையின்றி ஓடியிருந்தாலும் நான்கையும் மாற்றப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகும். அந்த நாட்களிலெல்லாம் இன்னொரு பழைய டிஸ்க் போனால் முழுப் பூலும் போகும். இங்கே கரண்ட் நின்றால் யூபிஎஸ் பெட்டியை ஒழுங்காக நிறுத்த மட்டுமே தாங்கும்.

பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் புதியதை டிடாச் செய்து (பூலிலிருந்து பிரித்து), பழையதை ஆன்லைன் ஆக்கி, ஸ்க்ரப் (முழுத் தரவையும் வாசித்துப் பிழை பார்க்கும் சோதனை) ஓட்டினோம். பிழை எதுவும் இல்லை. முழுப் பிரதியும் வேறு வெளி டிஸ்க்கில் உண்டு. அப்படியிருந்தும் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. வன்னியில் 2009இற்கு முந்திய குடும்பப் படங்கள் தப்பியது மிகக் குறைவு. அப்படித் தப்பியவற்றின் ஸ்கேன்களும் இந்தப் பூலில்தான் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எங்கும் வாங்க முடியாது.

2020இலேயே நாஸ் என்ற பெயரில் எஸ்எம்ஆர் விற்றது உலகெங்கும் பெரிய பிரச்சினையானது. இந்த வியாபாரத்தில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாத விடயமல்ல.

ஆகவே நான்கையும் பட்டியலில் இருந்த அதே சிஎம்ஆர் மாடலாக மாற்றித் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரு வழிக் கூரியர் செலவும் உங்களுடையது. புதியவற்றை ஒவ்வொன்றாகத் தடித்த ஃபோமில் வைத்து அனுப்புங்கள். சென்றமுறை நான்கும் ஒரே பபிள் சுற்றில் ஒன்றோடொன்று முட்டியபடி வந்தன. பட்டியலையும் திருத்துங்கள். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வோம்.

பற்றுச்சீட்டு, லேபிள் படங்கள், ஸீபூல் ஸ்டேட்டஸ் வெளியீடு ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. மூன்று டிஸ்க்குகள் உறை பிரிக்காமல் இருக்கின்றன. பொருத்திய ஒன்றில் எங்கள் தரவு ஏறியிருப்பதால் முழுவதும் பூச்சியம் எழுதி அழித்த பின்பே தருவோம். அதற்கு ஒரு நாள் வேண்டும், கூரியரை அதற்கேற்ப அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்